நோயுற்றோர்க்கு எண்ணெயும் இதமான கையும்

வாளையாற்றைக் கடந்து கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கங்களிலும், போடிமெட்டும் குமுளியும் ஏறி ஏலமலைத் தோட்டங்களிலும் குடியமர்ந்த நம் தமிழ்க் குடும்பங்களுக்கு எண்ணெய் தடவுதல் புதிய செய்தி அன்று. பிள்ளை பெற்றவளுக்கும், மூட்டுப் பிடித்த முதியவருக்கும் அதுவே நம் வீட்டு வைத்தியம். ஆயினும் வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் போன்ற கடும் பிணி கண்டுவிட்டால் இரண்டில் ஒன்று நிகழக் காண்கிறோம். தொட்டாலே தீங்கு நேருமென அஞ்சி யாவரும் ஒதுங்கி நிற்பர். அன்றேல், அழுத்தித் தேய்த்தால் குணமாகுமென்று எவரேனும் ஓர் உழிச்சில்காரரை அழைத்து வருவர். இரண்டும் நோயாளிக்கு நன்மை செய்வன அல்ல.

கேரள நாட்டு உழிச்சில் பெருமை வாய்ந்தது. அதை நாம் குறைத்துப் பேசவில்லை. கயிற்றைப் பற்றிக்கொண்டு காலால் மிதித்துச் செய்யும் சவிட்டி உழிச்சில், களரி பயில்வோரின் உடலை வளைப்பதற்கென ஏற்பட்டது. பிழிச்சிலும் கிழியும் வைத்தியர் உடல்நிலை அறிந்து, பத்தியத்துடன் செய்விப்பவை. பெரும்பிணியால் மெலிந்து படுத்திருப்பவருக்கு வேண்டுவது இவற்றின் வேகம் அன்று. குழந்தையின் தலையை வருடுவது போன்ற மென்மையே.

மணமுள்ள தைலங்களைக் கொண்டு செய்யும் முறைக்கு அரோமாதெரபி என்னும் பெயரைத் தம் நூலின் வாயிலாக 1937-ல் வழங்கியவர் பிரெஞ்சு நாட்டு வேதியியலார் கத்தபோசே. பெயர்தான் அயலது. மறையூர்ச் சந்தனமும், எலுமிச்சைப் புல்லின் தைலமும், யூகலிப்டஸ் தைலமும் இம்மலைகள் தருபவையே. ஆனால் மணம் புற்றுநோயைக் கரைக்கும் என்று எவரேனும் கூறி விலைப்பட்டியல் நீட்டினால், நேயர்கள் அவரை வாசலிலேயே நிறுத்திவிடுக. இங்கிலாந்தில் 288 புற்றுநோயாளரிடம் நடத்தி 2007-ல் வெளியான ஆராய்ச்சியில், மணத்தைலத் தடவலால் மனக்கவலை ஆறு வாரத்தில் தணிந்திருந்தது. பத்தாம் வாரத்தில் வேறுபாடு இல்லை. அமெரிக்காவில் முற்றிய புற்றுநோயுடைய 380 பேரிடம் நடத்தி 2008-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னும் சுவையானது. ஒரு சாராருக்குத் தேர்ந்தவர்கள் உடல் பிடித்தனர். மறு சாராருக்கு அக்கலை பயிலாதவர்கள் கையை மெல்ல உடலில் வைத்திருந்தனர், அவ்வளவே. தடவிய உடனே முதற்சாராருக்கு வலி கூடுதலாகக் குறைந்தது உண்மை. எனினும் கை வைத்தோரிடமும் வலி தணிந்தது. சில வாரங்கள் கழித்துப் பார்த்தபோது இரு சாராரிடையே குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை. தைலம் வாங்க வசதியற்ற தோட்டத்து லயத்திலும் கை உண்டல்லவா!

செய்யும் விதம் எளிது. முதலில் மருத்துவரையோ செவிலியரையோ கேட்டுக்கொள்ள வேண்டும். கையைக் கழுவிச் சூடேற்றி, தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ சிறிது எடுத்து, கைகளையும் பாதங்களையும் பத்து நிமிடம் வருடினால் போதும். மணத்தைலம் வேண்டுமாயின் ஒரு தேக்கரண்டி எண்ணெய்க்கு ஒரு துளியே அளவு. நேராகத் தோலில் பூசலாகாது, உள்ளுக்குக் கொடுத்தல் பெருந்தீங்கு. ஆஸ்துமா உடையவர்க்கு மணம் மூச்சை முட்டச் செய்யலாம். புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொள்பவர்க்கு மணமே குமட்டலைத் தரக்கூடும். அவர்களுக்கு வெறும் எண்ணெயே மேல். பேச இயலாதவராயின் முகத்தைப் பார்த்துக்கொண்டே தடவுக. புருவம் சுருங்கினால் நிறுத்துக.

எங்கே தொடலாகாது என்பதைத்தான் நாம் வற்புறுத்த விரும்புகிறோம். கட்டியின் மேலும், புண்ணின் மேலும், கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற தோலின் மேலும் தடவக் கூடாது. புற்று எலும்பிற் பரவியிருந்தால் சிறு அழுத்தமும் எலும்பை முறித்துவிடலாம். இரத்தத் தட்டுக்கள் குறைந்தவர்க்கு எளிதில் இரத்தம் கட்டும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிச் சூடாய் வலித்தால், உள்ளே இரத்தம் உறைந்திருக்கக்கூடும். அதைத் தேய்த்தால் உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்து உயிருக்கே முடிவு தேடும். வீக்கம் வற்றட்டும் என்று காலைப் பிடித்துவிடும் நம் வழக்கம் இங்கே கொடியது. அன்றே மருத்துவமனைக்குச் செல்க.

இனி, இவ்வகையில் கேரளத்தில் வாழும் நமக்கு ஒரு நற்பேறு உண்டு. 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியோர் தொடங்கிய வலிதணிப்புச் சங்கம் வேரூன்றிப் பரவியது. 2008-ல் கேரள அரசு இதற்கெனக் கொள்கையே வகுத்தது. இன்று பஞ்சாயத்தின் வழியாகச் செவிலியர் வீட்டிற்கே வந்து புண்ணுக்குக் கட்டுப் போடுகிறார். தடவும் முறையையும் அவரிடமே கேட்டுக் கற்கலாம். கடும் வலிக்கு மார்பின் போன்ற மருந்து உண்டு. எண்ணெய் அதற்கு ஈடாகாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் போதும்.

(இரயில்வே ஊழியராகிய நாம் ஒன்று சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பில் முழுக் கட்டணச் சலுகையும், துணைக்குச் செல்பவர் ஒருவருக்கு முக்கால் பங்குச் சலுகையும் உண்டு. மருத்துவமனைச் சான்றிதழ் வேண்டும். இடுக்கி மாவட்டத்தில் இருப்புப்பாதை இல்லையாயினும், இறங்கி வந்து ஏறுவோர்க்குப் பயன்படும்.)

வருகின்ற செவிலியரிடம் மொழிக்காகக் கூச்சப்பட வேண்டா. மலையாளத்தில் வலிக்கு வேதன என்பர். "காலில் நீருண்டோ?" என்று அவர் வினவினால், அவர் கேட்பது தண்ணீரையன்று, வீக்கத்தை. ஒரு காலா, இரு காலா, எத்தனை நாளாக என்று தெளிவாகச் சொல்லுங்கள்.