குடல்வாழ் நுண்ணுயிரும் வாங்குவோர் உரிமையும்

நோய் எதிர்ப்புச் சக்தியை வளர்க்கும் என்ற வாக்குறுதியோடு மருந்துக் கடைகளில் விற்கப்படும், உயிருள்ள நுண்ணுயிர்கள் அடங்கிய புரோபயாடிக் சரக்குகளில் உண்மை அறவே இல்லையென்று தள்ளிவிடுவதற்கில்லை. ஏனெனில் நமது சரீரத்தின் காவற்படையில் ஒரு பெரும் பகுதி குடற்சுவரை ஒட்டியே பாளையமிறங்கியிருக்கிறது. சிறுகுடலிலுள்ள பேயர் திட்டுகள், உள்ளே வரும் நுண்ணுயிர்களில் சிலவற்றை இழுத்துப் பரிசோதித்து, அதற்கேற்ப ஐஜிஏ என்னும் எதிர்ப்பொருள் சுரக்க வழிசெய்கின்றன. நார்ப்பண்டங்களைக் குடற் பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்வதால் உண்டாகும் பியூட்டிரேட், அநாவசியமான அழற்சியை அடக்கும் டி அணுக்களைப் பெருக்குவதும் எலிகளிடத்தில் கண்டறியப்பட்ட விஷயமே.

ஒடிசாவின் கிராமங்களில் 4,500-க்கு மேற்பட்ட பச்சிளஞ் சிசுக்களிடம் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஆராய்ச்சியில், லாக்டோபேசிலஸ் பிளான்டாரம் என்னும் நுண்ணுயிரின் குறிப்பிட்டதொரு வகையை ஒருவிதச் சர்க்கரையோடு ஏழு நாட்கள் புகட்டியதனால், செப்சிஸ் என்னும் கடுந்தொற்றும் மரணமும் சேர்ந்து நூற்றுக்கு 9 என்றிருந்தது 5.4 ஆகக் குறைந்தது. நெதர்லாந்திலோ, கடுமையான கணைய அழற்சியுற்ற நோயாளிகளுக்கு ஆறு புரோபயாடிக் வகைகளின் கலவையைச் செலுத்தி 2008-இல் வெளியிட்ட முடிவு திடுக்கிடச் செய்வது: கலவை பெற்றோரில் நூற்றுக்கு 16 பேரும், பெறாதோரில் 6 பேரும் மாண்டனர். ஆகவே குறைமாதக் குழந்தைகளுக்கும், புற்றுநோய்ச் சிகிச்சையால் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கும், தீவிர சிகிச்சையில் இருப்போர்க்கும் வைத்தியரைக் கேளாமல் புரோபயாடிக் கொடுப்பது அபாயம். திடகாத்திரர்களுக்குப் பெருங்கெடுதல் இல்லை. பெரும் பிரயோஜனமும் இல்லையென்றே நினைக்கிறேன், உண்பதை நிறுத்தியபின் அந்நுண்ணுயிர்கள் பெரும்பாலும் குடலில் தங்குவதில்லையாதலால்.

வாங்கும் சரக்கின் பெயரையும் கூர்ந்து பார்க்க வேண்டும்: லாக்டோபேசிலஸ் ராம்னோசஸ் ஜிஜி என்ற பெயரில் கடைசி இரண்டெழுத்தே வகையைக் குறிப்பது. ஒரு வகைக்கு நிரூபணமான குணத்தை அதன் இனம் முழுவதற்கும் ஏற்றிச் சொல்லுதல் நியாயமன்று. குறைந்த எண்ணிக்கையே போதுமென்பதற்குத் தக்க ஆராய்ச்சிச் சான்று இருந்தாலன்றி, நாளொன்றுக்குரிய அளவில் 10 கோடி நுண்ணுயிர்களேனும் உயிரோடிருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. குளிர்சாதனப் பெட்டியில் இருக்கவேண்டிய சீசா வெயிலில் அடுக்கப்பட்டிருந்தால் அந்தக் கணக்கை யார் நம்புவது?

பொய் விளம்பரத்தால் ஏமாந்தவர்கள், ரசீதையும் சீசாவையும் பத்திரப்படுத்திக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கும் தொடுக்கலாம். பலர் அறியாத உரிமையொன்று 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவில் இருக்கிறது: வாங்கிய பண்டத்தை உணவுப் பகுப்பாய்வாளரிடம் கட்டணம் செலுத்திச் சாமானியரும் பரிசோதிக்கச் செய்யலாம், பண்டம் சட்டத்துக்கு மாறானதென்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் பரிசோதிக்கக் கருதியிருப்பதை, வாங்கும்போதே கடைக்காரரிடம் தெரிவித்துவிட வேண்டும்.