பொது நூலகப் பணியாளர்களும் இணையக் கருவிகளும்: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியை முன்வைத்து

நூலகப் பணியாளர்களுக்கான இணையக் கருவிப் பயிற்சி என்பது, நூலகரும் நூலக உதவியாளர்களும் கணினி, நூலக மேலாண்மை மென்பொருள், இணைய நூற்பட்டியல், மின்னூலகங்கள், அரசு இணையதளங்கள் ஆகியவற்றைத் தம் அன்றாடப் பணியில் கையாளக் கற்றுக்கொள்வதைக் குறிக்கும். கணினியை வாங்கி வைப்பது வேறு, அதை வைத்து வாசகருக்கு ஒரு நூலைத் தேடிக் கொடுப்பது வேறு. இக்கட்டுரை இரண்டாவதைப் பற்றியது. தமிழ்நாட்டின் பெரிய தொழிற்பகுதிகளில் ஒன்றான ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரம் இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

பகுதியும் வாசகர்களும்

ஸ்ரீபெரும்புதூர் காஞ்சிபுரம் மாவட்டத்தில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ளது. இராமானுசர் பிறந்த ஊர் என்ற பழம்பெருமையோடு, கடந்த முப்பது ஆண்டுகளில் ஆலைகளின் ஊர் என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. சிங்கப்பெருமாள்கோயில் சாலையில் உள்ள ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான் ஆலையும், 2012இல் டைம்லர் நிறுவனத்தின் சரக்குந்து ஆலையும் திறக்கப்பட்டன. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கக்கூடிய விடுதி 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்டது. ஒரே வளாகத்தில் ஒரு சிறு நகரத்தின் மக்கள்தொகை என்று சொல்லலாம். அவர்களில் பெரும்பாலோர் படிக்கும் வயதைத் தாண்டி அதிக காலம் ஆகாதவர்கள்.

இத்தகைய வட்டாரத்தில் பொது நூலகத்துக்கு வருவோர் பலவகையினர். காலையில் நாளிதழ் படிக்க வரும் ஓய்வூதியர், பள்ளி மாணவர், டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிப்பவர், ஐ.டி.ஐ. முடித்துத் தொழிற்பழகுநர் இடம் தேடுபவர் என்று பட்டியல் நீளும். ஒடிசா, பீகார், அசாம் போன்ற மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் பக்கத்துத் தெருவிலேயே குடியிருந்தாலும் நூலகத்தின் அலமாரியில் அவர்களுக்கு நூல் இருப்பதில்லை. ஆலைத் தொழிலாளர்கள் ஷிஃப்டு முறையில் வேலை செய்கிறார்கள். நூலகம் பகலில் இயங்குகிறது. இரவுப் பணி முடிந்து உறங்குபவருக்கு, கதவு மூடிய பின்னும் திறந்திருக்கும் இணைய நூற்பட்டியலும் மின்னூலும்தான் உண்மையான நூலகம். அதை அவருக்கு அறிமுகப்படுத்த நூலகர் முதலில் அதை அறிந்திருக்க வேண்டும்.

பயிற்சியின் முன்வரலாறு

தமிழ்நாட்டில் நூலகருக்குப் பயிற்சி தேவை என்ற எண்ணம் புதியதல்ல. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் (1892–1972) கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானவர். நூலகப் பணி தனிப் படிப்பு தேவைப்படும் தொழில் என்பதை இலண்டனில் பயின்றபோது உணர்ந்தார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. மறு ஆண்டே அச்சங்கம் கோடைக்காலப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. 1931இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் நடமாடும் நூலகம் ஓடியது. அந்த நாளின் புதிய தொழில்நுட்பம் அதுவே.

1948இல் இயற்றப்பட்ட சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டமாகும். சொத்துவரியோடு வசூலிக்கப்படும் நூலக வரி இச்சட்டத்தின் வழியே வருவது. மாவட்டந்தோறும் உள்ள நூலக ஆணைக்குழு, மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்ற அடுக்கை நடத்துகிறது. மைய நூலகத்தில் பலர் பணி செய்வதால் ஒருவர் கற்றதை இன்னொருவருக்குச் சொல்லித்தர முடியும். ஊர்ப்புற நூலகத்திலோ பெரும்பாலும் ஒரே ஆள். அவர் பயிற்சிக்குப் போனால் நூலகம் பூட்டப்படும். பயிற்சித் திட்டம் போடுவோர் அடிக்கடி மறந்துவிடும் செய்தி இது.

பதிவேட்டிலிருந்து கணினிக்கு

கணினிக்கு முந்தைய நூலகத்தில் ஒரு நூல் வந்ததும் சேர்க்கைப் பதிவேட்டில் அதற்கு ஓர் எண் இடப்படும். ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், விலை ஆகியவை அதே வரியில் எழுதப்படும். பின்னர் பகுப்பெண் தரப்பட்டு, பட்டியல் அட்டை எழுதப்பட்டு, நூல் அலமாரிக்குப் போகும். நூலக மென்பொருளும் இதே வேலைகளைத்தான் செய்கிறது. நியூசிலாந்தில் ஒரு சிறு நூலக அமைப்புக்காக 1999இல் உருவாக்கப்பட்ட 'கோஹா' என்னும் கட்டற்ற மென்பொருள் இன்று உலகெங்கும் பயன்படுகிறது. மாவோரி மொழியில் அச்சொல்லுக்கு அன்பளிப்பு என்று பொருள். இந்தியாவில் தேசிய தகவலியல் மையம் 'இ-கிரந்தாலயா' மென்பொருளை வழங்குகிறது. கல்லூரி நூலகங்களில் இன்ஃப்ளிப்நெட் உருவாக்கிய 'சோல்' மென்பொருளும் உண்டு.

பழைய பதிவேட்டை நன்றாக எழுதத் தெரிந்தவருக்கு மென்பொருளின் திரை விரைவில் புரிந்துவிடும். கட்டங்கள் அவையே. தடுமாற்றம் வருவது வேறு இடத்தில். ஆங்கில நூல் என்றால் பின்னட்டையில் உள்ள ஐ.எஸ்.பி.என். எண்ணைத் தட்டினால், அந்நூலின் விவரம் வேறொரு நூலகத்தின் பட்டியலிலிருந்து தானே வந்து நிரம்பும். தமிழ் நூலில் இது பல நேரம் நடப்பதில்லை. பழைய தமிழ்ப் பதிப்புகள் பலவற்றுக்கு அந்த எண்ணே கிடையாது; எண் இருந்தாலும் விவரத்தை யாரும் ஏற்றியிருக்க மாட்டார்கள். எனவே தமிழ் நூலகர் ஒவ்வொரு நூலையும் தாமே தட்டச்சிட வேண்டியிருக்கிறது. வெளிநாட்டுப் பயிற்சிக் கையேட்டை அப்படியே மொழிபெயர்த்துத் தந்தால் இந்த வேலைப்பளு கணக்கில் வராது.

ஆசிரியர் பெயரும் ஒரு சிக்கல். மு. வரதராசன், மு. வரதராசனார், மு.வ. ஆகிய மூன்றும் ஒருவரே. கல்கி என்றும் ரா. கிருஷ்ணமூர்த்தி என்றும் நூல்களில் இருக்கும். புதுமைப்பித்தனின் இயற்பெயர் சொ. விருத்தாசலம். கணினிக்கு இவர்கள் எல்லோரும் வெவ்வேறு ஆட்கள். எந்த வடிவத்தைத் தலைமைப் பெயராகக் கொள்வது, மற்றவற்றிலிருந்து எப்படிச் சுட்டுவது என்பதற்கு ஒரு பெயர்ப்பட்டியலை மாவட்ட அளவிலாவது ஒன்றாக வைத்துக்கொள்ள வேண்டும். கிளைக்கு ஒரு முறையைப் பின்பற்றினால் பட்டியல்களை இணைக்கும் நாளில் குழப்பமே மிஞ்சும்.

எழுத்துருவும் அகரவரிசையும்

தமிழ் நூலகர்கள் கற்க வேண்டியவற்றுள் மிகக் கடினமானதும், பயிற்சிகளில் மிகக் குறைவாகச் சொல்லப்படுவதும் இதுவே.

ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்து இயங்கின. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று தட்டச்சிட்டால் கணினிக்குள் இருப்பது நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அந்தப் பொருளற்ற தொடரே தெரியும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பின் தமிழ்99 விசைப்பலகை வந்தது. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது. அதற்கு முன் பழைய எழுத்துருவில் ஏற்றிய பட்டியல்களை ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். என்.எச்.எம். போன்ற இலவச மாற்றிகள் இதைச் செய்யும். ஆனால் ஒரே பத்தியில் தமிழ்த் தலைப்பும் ஆங்கிலத் தலைப்பும் கலந்திருந்தால், மாற்றி ஆங்கிலச் சொற்களையும் தமிழென்று எண்ணி உருக்குலைத்துவிடும். எனவே முதலில் கோப்பின் நகலை எடுத்து வைத்து, ஆங்கில வரிகளைப் பிரித்து, பிறகுதான் மாற்ற வேண்டும். நகல் எடுக்காமல் மாற்றினால் பல மாத உழைப்பு ஒரு சொடுக்கில் போய்விடும்.

ஒருங்குறி வந்த பின்னும் பிழை தீர்வதில்லை. ஔவையார் என்ற பெயரைப் பலர் ஒ, ள என்று இரண்டு எழுத்துகளாக 'ஒளவையார்' எனத் தட்டச்சிடுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. கணினிக்கு இரண்டும் வேறு. மாணவர் சரியாகத் தட்டச்சிட்டுத் தேடினால் 'நூல் இல்லை' என்று திரை சொல்லும். நூல் பக்கத்து அலமாரியில் இருக்கும். ஆத்திசூடி கேட்டு வந்த குழந்தை வெறுங்கையோடு திரும்புவதற்கு இந்த ஓர் எழுத்து போதும்.

அகரவரிசையைக் காண்போம். தமிழ் முறைப்படி கலை, கவிதை, கழுகு, களம், கற்பு, கனவு என்று சொற்கள் வர வேண்டும். ஒருங்குறியில் எழுத்துகளுக்குத் தரப்பட்ட எண்களின்படி மட்டும் அடுக்கினால் கனவு, கற்பு, கலை, களம், கழுகு, கவிதை என்று வரும். கடைசியில் இருக்க வேண்டிய கனவு முதலில் வந்து நிற்கிறது. னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகர ழகரங்கள் வகரத்துக்கு முன்னும் வைக்கப்பட்டிருப்பதே காரணம். மென்பொருளில் தமிழ் அகரவரிசைக்கான அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் இது சரியாகும். அப்படி ஓர் அமைப்பு உண்டு என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தட்டச்சுப் பயிற்சியும் இதோடு சேர்ந்ததே. பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியில் தேர்ச்சி பெற்றவர்களுக்கு அதே முறை கணினியிலும் கிடைக்கிறது. அவர்களைக் கட்டாயமாகத் தமிழ்99க்கு மாற்றுவதில் பயன் குறைவு. புதிதாகக் கற்பவர்களுக்குத் தமிழ்99 எளிது.

23 செயல்கள்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள சார்லட் நகரப் பொது நூலகத்தில் 2006இல் ஹெலன் புளோவர்ஸ் என்பவர் ஒரு திட்டம் வகுத்தார். பணியாளர்கள் செய்து பார்க்க வேண்டிய 23 சிறு செயல்கள் அதில் இருந்தன. படம் பகிர்வது, விக்கிப் பக்கத்தில் எழுதுவது, செய்தியோடையில் சேர்வது போன்றவை அவை. வகுப்பறை இல்லை, ஆசிரியர் இல்லை. வாரத்துக்குச் சிலவாகப் பணி நேரத்திலேயே செய்யலாம். முடித்தவர்களுக்கு எம்.பி.3 பாட்டுக் கருவி பரிசு. பிறரும் எடுத்தாளலாம் என்று உரிமம் தரப்பட்டதால் பல நாடுகளின் நூலகங்கள் இத்திட்டத்தைத் தம் தேவைக்கு மாற்றிக்கொண்டன.

இம்முறையின் வலிமை பரிசில் இல்லை. தவறு செய்ய இடம் தந்ததில் இருக்கிறது. ஐம்பது வயதுப் பணியாளர் இளையவர்கள் முன்னிலையில் சுட்டியைப் பிடிக்கக் கூசுவது இயல்பு. தனியே, தம் வேகத்தில், யாரும் பாராமல் செய்து பார்க்கும்போது அந்தக் கூச்சம் குறைகிறது. ஒரே நாளில் நூறு பேரை மண்டபத்தில் அமர்த்தித் திரையில் படம் காட்டும் பயிற்சியைவிட இதுவே தமிழ்நாட்டு ஊர்ப்புற நூலகத்துக்கும் பொருந்தும். நூலகத்தைப் பூட்ட வேண்டியதும் இல்லை. செயல்களை மட்டும் நம் தேவைக்கேற்ப அமைக்க வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஒரு நூலைக் கண்டெடுப்பது ஒரு செயலாகலாம். இந்திய தேசிய மின்னூலகத்தில் ஒடியா நூல் தேடுவது மற்றொன்று. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே குழந்தைக் கதையைத் தமிழிலும் இந்தியிலும் திறந்து, வெளிமாநிலத் தொழிலாளரின் பிள்ளைக்குக் காட்டுவது இன்னொன்று.

வாசகரின் அந்தரங்கம்

நூலகக் கணினியில் இன்று நடப்பதில் பாதி வாசிப்பு அல்ல. வேலைக்கு விண்ணப்பம், தேர்வு நுழைவுச்சீட்டு, ஆதார் சார்ந்த பதிவு என்று உதவி கேட்டு வருகிறார்கள். அமைப்புசாராத் தொழிலாளருக்கான இ-ஷ்ரம் பதிவு 2021இல் தொடங்கியது. கட்டட வேலைக்கு வந்தோருக்கு அது தேவை. இப்படிப்பட்ட நேரங்களில் வாசகரின் கடவுச்சொல்லும், கைபேசிக்கு வரும் ஒருமுறை எண்ணும், சான்றிதழ் நகல்களும் பொதுக் கணினியில் புழங்குகின்றன. வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறச் செய்வது, பதிவிறக்கக் கோப்புறையிலிருந்து சான்றிதழ்களை அழிப்பது, உலாவி கடவுச்சொல்லைச் சேமிக்கட்டுமா என்று கேட்டால் மறுப்பது ஆகிய மூன்றும் நூலகர் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டியவை. ஒருமுறை எண்ணை நூலகர் தாம் வாங்கித் தட்டாமல், வாசகரையே தட்டச் செய்ய வேண்டும். எழுதப் படிக்கத் தடுமாறும் தொழிலாளி எண்ணை வாய்விட்டுச் சொல்லும்போது, அவருடைய ஒரு மாதக் கூலி உள்ள கணக்கையே அவர் நம்பி ஒப்படைக்கிறார்.

பதிப்புரிமையும் இங்கே குறிப்பிடத்தக்கது. இந்தியாவில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை நூலுக்கு உரிமை உண்டு. கைபேசிக் குழுக்களில் சுற்றும் அண்மைக்கால நாவல்களின் பி.டி.எஃப். கோப்பை நூலகர் வாசகருக்கு அனுப்புவது சட்டப்படி தவறு. பாரதி, பாரதிதாசன் முதலாகத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்துகளையும், 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்தின் நூல்களையும் தயங்காமல் பரிந்துரைக்கலாம். ஈழத்து நூல்களுக்கு 2005இல் தொடங்கிய நூலகம் தளம் இருக்கிறது. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் அழிந்தன என்பதை எண்ணினால், ஒரு நூலை ஒளிவருடி வைப்பது என்ன வேலை என்பது விளங்கும்.

ஊராட்சி நூலகங்கள்

2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் தமிழ்நாட்டின் 12,618 ஊராட்சிகளிலும் நூலகம் அமைக்கத் திட்டமிடப்பட்டது. இவை பொது நூலகத் துறையின்கீழ் வருவன அல்ல. ஊராட்சிகளின் பொறுப்பில் உள்ளவை. எனவே துறை தன் பணியாளர்களுக்கு நடத்தும் பயிற்சி இவற்றுக்குச் சென்று சேர்வதில்லை. ஆலைகளைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் பல பிள்ளைகளுக்கு மிக அருகில் இருக்கும் நூலகம் இதுவே. மதிப்பூதியத்துக்குப் பணிபுரியும் இதன் பொறுப்பாளருக்குக் கணினி இல்லாவிட்டாலும் கையில் கைபேசி இருக்கிறது. சேர்க்கைப் பதிவேட்டின் பக்கங்களைத் தெளிவாகப் படம் எடுத்து, எண் வரிசையில் பெயரிட்டு, கிளை நூலகருக்கு அனுப்பினால், அங்கே தட்டச்சிட்டு மாவட்டப் பட்டியலில் சேர்த்துவிட முடியும். இதற்குக் கற்பிக்க ஒரு பிற்பகல் போதும். கிளை நூலகரும் ஊராட்சித் தலைவரும் தமக்குள் பேசி முடிவு செய்ய வேண்டிய செயல் இது.