பாட்டு ஒன்று, பரிசு 6! ஜலந்தர் வாலிபர் டைரக்டர் ஆன கதை

சினிமா டைரக்டர் ஆகவேண்டும் என்று கிளம்புகிறவர்கள் என்ன செய்வார்கள்? ஸ்டூடியோ வாசலில் காத்துக் கிடப்பார்கள். யாராவது பெரிய டைரக்டரிடம் உதவியாளராகச் சேர்ந்து, 5 வருஷம் 10 வருஷம் கிளாப் கட்டை அடிப்பார்கள்.

பஞ்சாப் மாநிலம் ஜலந்தரில் பிறந்த தர்சேம் சிங் வேறு பாதையில் போனார். 5 நிமிடம்கூட ஓடாத ஒரு பாட்டு அவரை உலகத்துக்கு அடையாளம் காட்டியது.

அது சினிமாப் பாட்டு அல்ல. அமெரிக்காவில் இசைக்குழுக்கள் பாட்டை ரெக்கார்டு போட்டு விற்கும். விற்பனைக்காக அந்தப் பாட்டை மட்டும் தனியாகப் படம் பிடித்து டி.வி.யில் காட்டுவார்கள். அதுதான் மியூசிக் வீடியோ. இதற்கென்றே 1981-ல் எம்.டி.வி. தொடங்கியது.

அப்பா மறுப்பு

தர்சேம் பிறந்தது 1961-ல். அப்பா விமான என்ஜினீயர். சிம்லாவில் பள்ளி, டெல்லியில் கல்லூரி. அந்த நாளில் ஒரு புத்தகம் கண்ணில் பட்டது. அமெரிக்காவில் சினிமா சொல்லித் தரும் கல்லூரிகளின் விவரம் அதில் இருந்தது. ஆள் அசந்து போனார். அப்பாவுக்குப் பிடித்ததை, தனக்குப் பிடிக்காததைப் படிக்கிற இடம்தான் காலேஜ் என்று அதுவரை நினைத்திருந்தாராம்!

அப்பாவிடம் சொன்னார். "நடக்காது" என்று விட்டார் அப்பா. (அந்தக் காலத்து அப்பா வேறென்ன சொல்வார்?)

மகன் கேட்கவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் போய்ச் சேர்ந்தார். சொந்தமாக ஒரு படம் எடுத்துக் காட்டினார். அதைப் பார்த்து, பாசடேனாவில் உள்ள ஆர்ட் சென்டர் கல்லூரி உதவித் தொகையோடு இடம் கொடுத்தது.

கண்ணாடி ஜாடி உடைந்தது

1990-ல் பாடகி சூசன் வேகாவின் பாட்டு ஒன்றை எடுத்தார். மறு வருஷம் ஆர்.இ.எம். என்ற குழு கூப்பிட்டது. பாட்டு "லூசிங் மை ரிலிஜன்".

நான் பாடுவதை நேராகப் படம் பிடித்தால் போதும் என்றார் பாடகர் மைக்கேல் ஸ்டைப். தர்சேம் நினைத்தது வேறு. நம் ஊர்ப் படங்கள் மாதிரி எல்லாமே கொஞ்சம் மிகையாக, கனவு மாதிரி இருக்கவேண்டும் என்றார்.

அப்படியே எடுத்தார். இருட்டு அறை. ஜன்னலில் சொட்டும் தண்ணீர். பால் ஜாடி விழுந்து உடைகிறது. சிறகு முளைத்த கிழவர் வருகிறார். இந்து தெய்வங்களின் கோலத்திலும் ஆட்கள் தெரிகிறார்கள். மளிகைக்கடைச் சுவரில் சாமி காலண்டர் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. அமெரிக்க டி.வி.க்குப் புதிது.

சிறகுக் கிழவர் மார்க்வெஸ் எழுதிய கதையில் இருந்து வந்தவர். பால் ஜாடி ரஷ்ய டைரக்டர் தார்கோவ்ஸ்கியின் கடைசிப் படத்தில் உடைந்தது. பல இடத்தில் எடுத்ததுதான். ஆனால் சேர்த்த கை இவருடையது.

1991 எம்.டி.வி. விழாவில் சிறந்த வீடியோ, சிறந்த டைரக்ஷன் உள்பட 6 பரிசு!

வேடிக்கை என்னவென்றால், பாட்டு ஓடும்போது திரையில் டைரக்டர் பெயரே வராது. எம்.டி.வி. அதைச் சேர்த்தது 1992 கடைசியில்தான்.

காசு எங்கே?

இந்தத் தொழிலின் கணக்கு விசித்திரமானது. பாட்டு கம்பெனியுடையது. எப்படி எடுக்கலாம் என்று பல டைரக்டர்கள் எழுதிக் கொடுப்பார்கள். ஒருவருக்கு வேலை. மற்றவர்கள் எழுதியதற்குப் பெரும்பாலும் சல்லிக்காசு கிடையாது. வேலை கிடைத்தவருக்கும் கூலி ஒருமுறைதான். ரெக்கார்டு லட்சக்கணக்கில் விற்றாலும் டைரக்டருக்குப் பங்கு தருகிற வழக்கம் இல்லை. படச்செலவில் ஒரு பகுதியைப் பாடகர் கணக்கிலேயே பற்று எழுதிவிடுகிற கம்பெனிகளும் உண்டு!

பிறகு எதற்கு எடுக்கிறார்கள்? விளம்பரக் கம்பெனிகள் பார்க்கும் என்றுதான். தர்சேமுக்கும் அதுதான் நடந்தது. 1992-ல் லீவைஸ் ஜீன்ஸ் விளம்பரம். பிறகு நைக், பெப்சி. பணம் வந்தது அங்கேதான். 2000-ல் ஜெனிபர் லோபஸ் நடிக்க "தி செல்" என்ற முதல் சினிமாவும் கிடைத்தது.

சம்பாதித்ததை வீடு வாசல் என்று போட்டு விட்டு உட்காரவில்லை மனிதர். விளம்பரம் எடுக்கப் போகும் நாடுகளில் எல்லாம் தன் சொந்தப் படத்துக்கும் காட்சி எடுத்துக்கொண்டே போனார். 20 நாட்டுக்கு மேல். சுமார் 4 வருஷம். ஜோத்பூரின் நீல வீடுகளும், ராஜஸ்தான் ஆபாநேரி படிக்கிணறும் அதில் உண்டு. செலவில் பெரும்பகுதி கைக்காசு. 2006-ல் டொரண்டோ விழாவில் "தி பால்" காட்டப்பட்டது. வாங்க ஆள் இல்லை. டேவிட் பின்ச்சர், ஸ்பைக் ஜோன்ஸ் இருவரும் பெயர் கொடுத்து உதவ, 2008-ல்தான் தியேட்டருக்கு வந்தது. இந்த இருவரும் மியூசிக் வீடியோ எடுத்துப் பெயர் வாங்கியவர்களே. அப்படியும் வசூல் இல்லை. 2024-ல் புதுப்பிரதி போட்டு மறுபடி வெளியிட்டார்கள்.

அதற்கு முந்தின வருஷம் தர்சேம் தன் பஞ்சாபுக்கே திரும்பி இருந்தார். காதல் கல்யாணம் செய்த கனடாப் பெண் 2000-ல் அங்கே கொலை செய்யப்பட்ட வழக்கை "டியர் ஜஸ்ஸி" என்று படமாக எடுத்தார். டொரண்டோ விழாவில் அதற்குப் பரிசு கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 62.