காப்பீட்டு நிறுவனத்தின் திறனை அளப்பது எப்படி?

வெப்ப எந்திரத்தின் பயனுறுதிறனைக் கணக்கிடுவது மாணவர்களுக்குத் தெரிந்ததே. கிடைத்த வேலையைக் கொடுத்த வெப்பத்தால் வகுத்தால் போதும். தீ, கடல், மோட்டார், மருத்துவக் காப்பீடுகளை நடத்தும் பொதுக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இத்தகைய கணக்கு உண்டு. ஆனால் அங்கே உள்ளீடு எது, வெளியீடு எது என்பதிலேயே சிக்கல் தொடங்குகிறது.

வழக்கமாகக் கையாளப்படும் அளவு ‘கூட்டு விகிதம்’. பிரிமியம் 100 ரூபாயில் இழப்பீட்டுக்கு 70 ரூபாயும், சம்பளம், முகவர் கமிஷன் முதலிய செலவுகளுக்கு 25 ரூபாயும் போனால் கூட்டு விகிதம் 95. அது 100-ஐத் தாண்டினால் காப்பீட்டுத் தொழிலில் நட்டம். தாண்டியும் நிறுவனம் இலாபம் காட்டலாம். ஏனெனில் பிரிமியம் முன்னால் வருகிறது. இழப்பீடு பின்னால் போகிறது. சாலை விபத்து வழக்குகளில் இந்த இடைவெளி ஆண்டுக்கணக்கில் நீளும். அதுவரை பணம் முதலீட்டில் வருவாய் ஈட்டுகிறது. நம் பொதுத்துறை நிறுவனங்கள் பல ஆண்டுகள் இப்படித்தான் சமாளித்தன.

வேறொரு நிறுவனம் இழப்பீட்டுக்கு 50 ரூபாயே கொடுக்கிறது என்க. செலவு அதே 25. விகிதம் 75. திறமை கூடிவிட்டதா? நியாயமான கோரிக்கைகளைத் தட்டிக்கழித்தாலும் இதே எண்தான் வரும்! பாலிசிதாரருக்கோ இழப்பீடுதான் அவர் காசு கொடுத்து வாங்கிய சரக்கு. ஆகவே ஆய்வாளர் பலர் அதனைச் செலவிலிருந்து எடுத்து, வெளியீடாகவே வைக்கின்றனர். பணியாளர், முகவர், மூலதனம் ஆகியவை உள்ளீடுகள்.

வெப்ப எந்திரத்துக்குக் கார்னோ வகுத்த உச்ச வரம்பு உண்டு. காப்பீட்டுக்கு அப்படி இயற்கை விதி எதுவுமில்லை. இருப்பவற்றுள் சிறந்தவற்றையே வரம்பாகக் கொள்ளலாம் என்ற வழியை 1957-இல் பேரல் என்ற ஆங்கிலேயப் பொருளியலறிஞர் காட்டினார். 1978-இல் சார்னஸ், கூப்பர், ரோட்ஸ் ஆகிய மூவரும் அதை நேரியல் திட்டமிடல் கணக்காக வளர்த்தனர். ஒரு நிறுவனம் 100 கோடி ரூபாயில் முடிக்கும் பணிக்கு மற்றொன்று 125 கோடி செலவிட்டால், பின்னதன் திறன் 80 விழுக்காடு. உள்ளீடுகள் பலவாயின், அந்தந்த நிறுவனத்துக்கு மிகச் சாதகமான மதிப்புகளைக் கணக்கே தேர்ந்து கொடுக்கிறது. ஓரவஞ்சனை என்று யாரும் முறையிட முடியாது. எல்லாரும் சோம்பியிருந்தால், அவர்களுள் சற்றுக் குறைவாகச் சோம்பியவருக்கு 100 கிடைத்துவிடும் என்பது இம்முறையின் பெருங்குறை.

ஒப்பிடப் போதிய நிறுவனங்களும் வேண்டும். இந்தியாவில் 1973 ஜனவரி 1-இல் 107 காப்பீட்டாளர்கள் நான்கு நிறுவனங்களாக இணைக்கப்பட்டனர். நான்கு புள்ளிகளை வைத்து வளைகோடு வரைந்தால் அதை எந்த ஆய்வுக்கூடத்தில் ஏற்பார்கள்? 2000-க்குப் பின் தனியார் நிறுவனங்கள் வந்த பிறகே புள்ளிகள் பெருகின.

இன்னொரு விந்தையும் உண்டு. 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் போன்ற பேரிடரின்போது இழப்பீடு குவிகிறது. அதை அப்படியே வெளியீடாக எண்ணினால், ஊர் மூழ்கிய ஆண்டில் நிறுவனத்தின் திறன் உயர்ந்ததாகக் கணக்கு காட்டும். கூட்டு விகிதமோ அது சரிந்ததாகச் சொல்லும். அலுவலகத்தில் இருந்தவர்கள் அதே ஆட்கள்தாம். இதனால்தான் ஓராண்டு எண்ணை நம்பாமல், பல ஆண்டுகளின் சராசரியை எடுத்துக் கணக்கிடுகின்றனர்.