தீம் பார்க்கில் ‘ஃபாஸ்ட் ட்ராக்’ பாஸ்: கூடுதல் காசு கொடுப்பது லாபமா?

அடையாறில் இருக்கும் நான்கு நண்பர்கள் சனிக்கிழமை வொண்டர்லா போகலாம் என்று முடிவு செய்கிறார்கள் என வைத்துக்கொள்வோம். டிக்கெட் போடும்போதுதான் சிக்கல். சாதா டிக்கெட் ஒரு விலை, வரிசையைத் தாண்டிப் போகும் டிக்கெட் இன்னொரு விலை. “லைன்ல நின்னு சாக வேணாம்டா, போட்டுடலாம்” என்கிறார் ஒருவர். “அந்தக் காசுக்கு தி.நகர்ல ரெண்டு சட்டை எடுத்துடலாம்” என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

சென்னைக்காரர்களுக்கு இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. திருப்போரூர் அருகே இள்ளலூரில் 43 ரைடுகளோடு வொண்டர்லா பூங்கா 2025 டிசம்பரில் திறக்கப்பட்டது. திறப்பின்போது சாதா டிக்கெட் விலை 1,489 ரூபாயில் தொடங்கியது. வரிசை தாண்டும் பாஸை வொண்டர்லா ‘ஃபாஸ்ட்ராக்’ என்ற பெயரில் விற்கிறது.

இலவசமாக இருந்தது எப்படி விலைக்கு வந்தது?

டிஸ்னி 1999-இல் ‘ஃபாஸ்ட்பாஸ்’ முறையைக் கொண்டுவந்தபோது அதற்குக் கட்டணம் கிடையாது. டிக்கெட் வாங்கிய எல்லோரும் ஒரு நேரத்தை எடுத்துக்கொண்டு, அந்த நேரத்துக்கு ரைடுக்குத் திரும்பி வரலாம். கொரோனா காலத்தில் அது நின்றது. 2021-இல் ஃபுளோரிடா பூங்காவில் ஆளுக்கு 15 டாலர் கட்டணத்தோடு புதிய வடிவில் வந்தது. 2024 அக்டோபரில் அறிமுகமான ‘பிரீமியர் பாஸ்’ விலை, நாளையும் பூங்காவையும் பொறுத்து 129 டாலரில் இருந்து 449 டாலர் வரை போனது. இது நுழைவு டிக்கெட்டுக்கு மேல் தனியாகக் கட்ட வேண்டிய தொகை.

நமக்கு இது புதிதல்ல. ரயிலில் தட்கல், பாஸ்போர்ட்டுக்கு 2,000 ரூபாய் கூடுதலாகக் கட்டும் தட்கால், திருமலையில் 300 ரூபாய் தரிசனம் என்று காத்திருப்பைக் குறைக்கக் காசு கட்டிப் பழகியவர்கள்தான் நாம். ஆனால் தட்கல் எடுக்காவிட்டால் சில நேரம் ஊருக்கே போக முடியாது. பூங்காவில் அந்த அவசரம் இல்லை. அதனால் இங்கே நிதானமாகக் கணக்குப் போடலாம்.

ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை?

பாஸ் விலை நாளுக்கு நாள் மாறும். புரிவதற்காக, சாதா டிக்கெட்டைவிட ஆளுக்கு 1,000 ரூபாய் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கட்டாயம் ஏற நினைப்பது ஐந்து பெரிய ரைடுகள்.

கூட்டமான ஞாயிற்றுக்கிழமை: சாதா வரிசையில் ரைடுக்கு 45 நிமிடம், பாஸ் இருந்தால் 10 நிமிடம். ஐந்து ரைடுகளில் மிச்சம் 175 நிமிடம், கிட்டத்தட்ட 3 மணி நேரம். மிச்சமான ஒரு மணி நேரத்தின் விலை சுமார் 340 ரூபாய்.

சாதாரண செவ்வாய்க்கிழமை: சாதா வரிசையில் 15 நிமிடம், பாஸில் 5 நிமிடம். மொத்த மிச்சம் 50 நிமிடம்தான். ஒரு மணி நேரத்தின் விலை 1,200 ரூபாய்.

அதே பாஸ், அதே காசு. நாள் மாறியதும் விலை மூன்றரை மடங்காகிவிட்டது. ‘பாஸ் வாங்கலாமா?’ என்பதற்கு முன்னால் ‘எந்த நாள் போகிறோம்?’ என்று கேட்க வேண்டியது இதனால்தான்.

மிச்சமாகும் நேரம் யாருடையது?

பாஸ் விற்பதால் ரைடில் ஒரு சீட்கூடக் கூடுவதில்லை. ஒரு ரோலர் கோஸ்டரில் ஒரு தடவைக்கு 20 பேர், 3 நிமிடத்துக்கு ஒரு ட்ரிப் என்றால் மணிக்கு 400 பேர் ஏறலாம். உங்களுக்கு முன்னால் 200 பேர் நின்றால் காத்திருப்பு அரை மணி நேரம். சீட்டில் மூன்றில் ஒரு பங்கு பாஸ்காரர்களுக்குப் போனால், அதே 200 பேருக்குப் பின்னால் நிற்பவர் 45 நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்தக் கூடுதல் 15 நிமிடம்தான் அடுத்த கேட்டில் விலைக்குப் போகிறது.

கோபம் வருவதற்கும் காரணம் உண்டு. வரிசையில் நிற்பவரின் மனநிலை பற்றி டேவிட் மைஸ்டர் 1985-இல் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. நியாயமில்லாத காத்திருப்பு, நியாயமான காத்திருப்பைவிட நீளமாகத் தெரியும் என்றார் அவர். பக்கத்து கேட்டில் நாலு பேர் சிரித்துக்கொண்டே உள்ளே போவதைப் பார்த்தபடி நிற்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்னொன்று, பாஸ் வாங்குபவர்கள் அதிகமானால் பாஸ் வரிசையும் நீளும். எத்தனை பாஸ் விற்கிறார்கள் என்பதைப் பொறுத்துதான் அதன் மதிப்பு.

எப்போது வாங்கலாம்?

• பொங்கல், தீபாவளி லீவு, நீண்ட வார இறுதி போன்ற நாட்களில் வேறு வழியில்லாமல் போகும்போது.

• வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு அந்த ஒரு நாள்தான் இருக்கும்போது.

• குழுவில் எல்லோருமே பெரிய ரைடுகளில் ஏறுபவர்களாக இருந்தால்.

எப்போது வேண்டாம்?

• தண்ணீரில் ஆடத்தான் போகிறீர்கள் என்றால். வேவ் பூலுக்கு வரிசை கிடையாது.

• உயரம் பத்தாத குழந்தைகள், ரைடு பக்கமே போகாத பாட்டி தாத்தா என்று குடும்பமாகப் போகும்போது எல்லோருக்கும் சேர்த்து வாங்க வேண்டாம். ஏறுபவர்களுக்கு மட்டும் போதும்.

• திறக்கும் நேரத்துக்கே போய்விட முடிந்தால். முதல் ஒரு மணி நேரத்தில் பெரிய ரைடுகளை முடித்தால், பாஸ் தரும் லாபத்தில் பாதி இலவசமாகக் கிடைத்துவிடும். அடையாறு, மயிலாப்பூரிலிருந்து ஓ.எம்.ஆர். டிராஃபிக்குக்கு முன்பே கிளம்ப வேண்டும், அவ்வளவுதான்.

வாங்குவதற்கு முன் மூன்று விஷயங்களைப் படித்துவிடுங்கள். பாஸ் எந்தெந்த ரைடுகளுக்குச் செல்லும்? ஒரு ரைடுக்கு ஒரு தடவையா, பல தடவையா? மழையாலோ பழுதாலோ ரைடு நின்றால் பணம் திரும்புமா?

அந்த நான்கு நண்பர்கள் விஷயத்துக்கு வருவோம். சனிக்கிழமை பாஸோடு போனால் கூடுதல் செலவு 4,000 ரூபாய். வாரநாளில் போனால் ஆளுக்கு ஒரு நாள் லீவு. நாலு பேருக்கும் ஒரே நாளில் லீவு கிடைக்குமா என்று முதலில் கேட்டுப் பார்க்கலாம். கிடைத்தால், பாஸும் வேண்டாம், அந்தச் சட்டையும் எடுத்துவிடலாம்.