வான்படத்தின் மேல் கிராமப்படம்

எல்லையோரத் தொழில் நிலம் – 17

ஓசூர் வட்டத்தில் ஏரியைப் பற்றிய தகராறு எங்கே தொடங்கினாலும் கடைசியில் இரண்டு படங்களில் வந்து நிற்கிறது. ஒன்று, வருவாய்த் துறையின் கிராம வரைபடம். அதில் ஏரிக்கு ஒரு சர்வே எண் உண்டு, கரை எங்கே என்று கோடு உண்டு, கலங்கலிலிருந்து இறங்கும் ஓடையும் உண்டு. மற்றொன்று, செயற்கைக்கோள் எடுத்த வான்படம். அதில் கோடு எதுவும் கிடையாது. தகரக் கூரைகளும் லேஅவுட் சாலைகளும் நடுவே கொஞ்சம் பச்சையும் தெரியும். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்ததற்கும் 2019-ல் ஓசூர் மாநகராட்சி ஆனதற்கும் இடையே இந்த மண்ணில் என்ன மாறியது என்பது, முதல் படத்தை இரண்டாவதன் மேல் வைத்துப் பார்க்கும்போதுதான் விளங்கும். அப்படி வைத்த படங்கள் இன்று வாட்ஸாப்பில் நிறையவே சுற்றுகின்றன. சிக்கல் என்னவென்றால், எதிர்த் தரப்பும் அதே இரண்டு படங்களை எடுத்து, கோட்டை இருபது மீட்டர் தள்ளி விழச் செய்து, இன்னொரு படம் காட்ட முடியும். பார்க்கிற கண்ணுக்கு இரண்டுமே சரியாகத்தான் இருக்கும். ஆகவே ஏரிக்காக வாதாடுகிறவர்கள் படத்தோடு நிறுத்தாமல், அந்தப் படம் எந்தக் கட்டளையால் உண்டானதோ அந்த வரியையும் சேர்த்து முன்வைக்க வேண்டும் என்பதே இந்த வாரம் நான் சொல்ல வருவது.

கட்டளை என்று நான் சொல்வது கணினியின் கறுப்புத் திரையில் தட்டச்சு செய்யும் ஒற்றை வரியை. இமேஜ்மேஜிக் என்ற மென்பொருளை இதற்கு எடுத்துக்கொள்ளலாம். டூபாண்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் கிறிஸ்டி 1987-ல் எழுதத் தொடங்கி, 1990-ல் எல்லோருக்கும் இலவசமாக வெளிவந்த கருவி அது. அதில் 'காம்போசிட்' என்று எழுதி, மேலே வரவேண்டிய படத்தின் பெயர், அடியில் இருக்கும் படத்தின் பெயர், விளைவுக்கு வைக்கப்போகும் பெயர் என்ற வரிசையில் கொடுத்தால் வேலை முடிந்தது. இப்படிப் படங்களை அடுக்குவதற்கான கணக்கை ஒழுங்குபடுத்தித் தந்தவர்கள் லூகாஸ்ஃபிலிமில் இருந்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும். அவர்களின் கட்டுரை 1984-ல் வந்தது. சினிமாவுக்காகப் பிறந்த கணக்கு அது. நிலத்துக்குப் பயன்படுவது அதன் எளிய உறவினரான 'மல்டிப்ளை' என்ற முறை. கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 1 என்று வைத்துக்கொண்டு, மேல் படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் கீழ்ப் படத்தின் புள்ளியால் பெருக்குகிறது கருவி. கிராமப்படத்தின் வெள்ளைத் தாள் 1 என்பதால் வான்படம் அப்படியே மிஞ்சுகிறது. கறுப்புக் கோடு 0 என்பதால் கோடு கறுப்பாகவே நிற்கிறது. இரண்டையும் பாதிப் பாதியாகக் கலந்தால் கோடும் மங்கும், நிலமும் வெளுக்கும்.

ஆனால் இந்தக் கருவிக்கு ஓசூரும் தெரியாது, ஏரியும் தெரியாது. வேறு எதுவும் சொல்லாவிட்டால் மேல் படத்தின் இடது மேல் மூலையைக் கீழ்ப் படத்தின் இடது மேல் மூலையோடு சேர்த்துவிட்டு நின்றுவிடும். ஸ்கேன் செய்த தாளின் ஓரமும் வான்படத்தின் ஓரமும் ஒரே இடமாக இருக்க எந்தக் காரணமும் இல்லை. அதனால் அடுக்குவதற்கு முன் கிராமப்படத்தை நீட்டியும் சாய்த்தும் நிலத்தோடு பொருத்த வேண்டும். இந்தப் பொருத்தத்தில்தான் நேர்மையும் ஏமாற்றும் பிரிகின்றன. இமேஜ்மேஜிக்கின் 'டிஸ்டார்ட்' என்ற கட்டளை இதற்கு இணைப்புள்ளிகளைக் கேட்கும்: தாளில் இந்தப் புள்ளி, வான்படத்தில் அந்தப் புள்ளி என்று நாம்தான் ஜோடி ஜோடியாகச் சொல்ல வேண்டும். குறைந்தது மூன்று ஜோடி. கோணலையும் சரிசெய்ய வேண்டுமென்றால் நான்கு. இடம்பெயராத பொருள்களே இதற்கு உதவும்: ஏரிக்கரையின் பழைய மதகு, ஊர்க் கோயில், பாறைக் குன்றின் முனை, மூன்று கிராமங்கள் கூடும் இடத்து எல்லைக்கல். ஓசூர் நகரமென்றால் சந்திரசூடேஸ்வரர் கோயில் மலை இருக்கிறது. தென்கிழக்கே போனால் ராயக்கோட்டை மலை. ஏரியின் தண்ணீர் விளிம்பை மட்டும் இணைப்புள்ளியாக எடுக்கவே கூடாது. மழை பெய்த ஆண்டில் அது ஓரிடம், வறண்ட ஆண்டில் வேறிடம். தவிர, நாம் நிரூபிக்க வந்த விஷயமே அதுதான். இப்படிப் பொருத்திய பிறகு, கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்த இரண்டு மூன்று புள்ளிகள் எங்கே போய் விழுகின்றன என்று பார்க்க வேண்டும். அவை ஆறு மீட்டர் விலகினால், அந்தப் படத்தை வைத்து ஐந்து மீட்டர் ஆக்கிரமிப்பைப் பற்றிப் பேச நமக்கு உரிமை இல்லை.

விலகலுக்குக் காரணங்கள் தாளிலேயே நிறைய இருக்கின்றன. மைலுக்கு 16 அங்குலம் என்ற அளவில் வரைந்த பழைய கிராமப்படத்தில் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கோடு நிலத்தில் 2 மீட்டர் அகலம். தாள் நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கியிருந்தால் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் 10 மீட்டர் காணாமல் போகும். 1980-களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யூ.டி.ஆர். பணியில் ஏக்கர் ஹெக்டேராகி, உட்பிரிவுகளும் மாறின. அதற்கு முந்தைய படமா, பிந்தைய படமா என்று சொல்லாமல் ஒரு கோட்டைக் காட்டுவது பாதி உண்மை. இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடங்களில் அச்சிட்ட அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் பயன்படுத்துவோருக்கு இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. அவை எவரெஸ்ட் 1830 என்ற பூமி அளவீட்டை ஒட்டியவை, இன்றைய ஜி.பி.எஸ். வேறொரு அளவீட்டில் இயங்குகிறது. மாற்றாமல் அப்படியே போட்டால் ஓசூர்ப் பக்கத்தில் இடம் நூறு மீட்டருக்கும் மேல் நகர்ந்துவிடும். வான்படத்துக்கும் எல்லை உண்டு. 1980-கள் முதலான லேண்ட்சாட் படங்கள் 2008-லிருந்து இலவசம் என்பது பெரிய கொடை. ஆனால் அவற்றில் ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது சுமார் 22 சென்ட். ஒரு முழு வீட்டுமனையே அந்தப் புள்ளிக்குள் மறைந்துவிடும். ஓர் ஏரி முழுவதும் சுருங்கியதை அது காட்டும்; வேலி நகர்ந்ததைக் காட்டாது. 2015-ல் ஏவப்பட்ட சென்டினல்-2-ன் 10 மீட்டர் புள்ளி இரண்டரை சென்ட் வரை இறங்கி வருகிறது.

சட்டமும் இந்த வேறுபாட்டை வெகு காலமாக அறிந்தே இருக்கிறது. 1872-ன் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 83-ஆம் பிரிவு காலம்தொட்டே, அரசின் அதிகாரத்தில் தயாரான வரைபடம் சரியானது என்றே நீதிமன்றம் தொடக்கத்தில் எடுத்துக்கொள்ளும். ஒரு வழக்குக்காகவே தயாரித்த வரைபடமென்றால் அதன் துல்லியத்தைத் தனியே நிரூபித்தாக வேண்டும். கிராமப்படம் முதல் வகை, நாம் அடுக்கிய படம் இரண்டாம் வகை. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டம், மின்னணுப் பதிவுக்கான சான்றிதழில் ஹாஷ் மதிப்பையும் கேட்கிறது. ஹாஷ் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கும் எழுத்துத் தொடர்; கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் தொடர் முழுக்க மாறிவிடும். மூலப் படங்கள் இரண்டு, அவற்றின் ஹாஷ், இணைப்புள்ளிகளோடு கூடிய கட்டளை வரி, மென்பொருளின் பதிப்பு எண் ஆகியவை கையில் இருந்தால், எதிர்த் தரப்பு வழக்கறிஞரும் அதே வரியை ஓட்டி அதே படத்தைப் பெறலாம். புதிதாக வரும் கோப்பில் தேதிக் குறிப்பு மாறும் என்பதால் விளைவின் ஹாஷ் ஒத்துப்போகாமல் இருக்கலாம். அதற்கு 'கம்பேர்' என்ற துணைக் கட்டளை எத்தனை புள்ளிகள் வேறுபடுகின்றன என்று எண்ணிச் சொல்லும். பூஜ்யம் வந்தால் படத்தைப் பற்றிய சண்டை முடிந்தது. பிறகு இணைப்புள்ளிகளைப் பற்றி மட்டும் வாதாடலாம். சுட்டியால் இழுத்துப் பொருத்திய படத்தில் இந்த வழியே இல்லை. கை எவ்வளவு இழுத்தது என்பதற்கு அங்கே பதிவு கிடையாது.

அரசே செய்துகொடுக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான். கர்நாடகத்தின் 'திஷாங்க்' செயலி சர்வே எண்களை வான்படத்தின் மேல் காட்டுகிறது. தமிழ்நாடு அரசும் புலப்படங்களை இணையத்தில் தருகிறது. அவற்றைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆயினும் அவை இன்றைய பதிவைக் காட்டுகின்றன, யூ.டி.ஆருக்கு முந்தைய தாளை அவற்றின் மேல் நாம் வைக்க முடியாது, கோடுகளை எந்தப் புள்ளிகளை வைத்துப் பொருத்தினார்கள் என்பதும் பார்ப்பவருக்குத் தெரிவதில்லை.

சாமானியர்களால் கட்டளை எழுத முடியுமா என்பது அடுத்த கேள்வி. வேறு ஊரில் கேட்டால் தயங்கியிருப்பேன். ஓசூரில் தயக்கம் வேண்டாம். இங்குள்ள பட்டறைகளில் சி.என்.சி. இயந்திரத்தின் முன் நிற்கும் ஐ.டி.ஐ. படித்த இளைஞர்கள் தினமும் ஜி-கோடு எழுதுகிறார்கள். கருவி எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு, எந்த வேகத்தில் போக வேண்டும் என்று எண்களால் சொல்லும் வரிகள் அவை. ஓர் எண் பிசகினால் உலோகம் வீணாகும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேலையை வரியாக எழுதிவைத்தால் அடுத்த ஷிப்டில் வருபவரும் அதே பாகத்தைக் கடைய முடியும் என்பதையும் அறிந்தவர்கள். இமேஜ்மேஜிக்கின் ஒரு வரி அவர்களுக்கு ஒரு மாலைப் பொழுதுக்கு மேல் பிடிக்காது. ஏரிப் பாதுகாப்புக் குழுக்கள் அவர்களைத் தேடிப்போக வேண்டும் என்று உண்மையிலேயே விரும்புகிறேன்.

கடைசி மறுப்பு நில அளவையர்களிடமிருந்து வரும்: எத்தனை படம் அடுக்கினாலும் கல்லை ஊன்றுவது களத்தில் அளந்த பிறகுதானே? ஆமாம், அப்படித்தான் இருக்க வேண்டும். 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும் ஏரியை அளந்து எல்லை காணச் சொல்கிறதே தவிர, படத்தைப் பார்த்துக் காணச் சொல்லவில்லை. அடுக்கிய படம் எல்லையைத் தீர்மானிக்காது. எந்த ஏரியை முதலில் அளக்க வேண்டும், கரையின் எந்தப் பக்கத்தில் தொடங்க வேண்டும் என்று காட்டும். அளக்கச் சொல்லி மனு கொடுக்கும்போது அதன் பிழை அளவோடு இணைத்துக் கொடுத்தால், அளவையர் அதைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டிய அவசியமும் குறையும்.

இதுவரை சொன்னது ஒரு கிராமத்துக்குள் அடங்கும் ஏரிக்குப் பொருந்தும். தென்பெண்ணை கர்நாடகத்திலிருந்து இறங்கிக் கெலவரப்பள்ளி அணைக்கு வரும் வழியில் அதற்குத் தண்ணீர் தரும் ஏரிகள் இரண்டு மாநிலங்களிலும் இருக்கின்றன. ஒரு பக்கத் தாள் பழைய மைசூர் அரசின் அளவையிலிருந்து வந்தது, மறு பக்கத் தாள் சென்னை மாகாணத்தின் சேலம் மாவட்ட அளவையிலிருந்து வந்தது. அங்கே ஏக்கருக்கு 40 குண்டா, இங்கே 100 சென்ட். ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவே இரு மாநிலத் தாள்களையும் ஒரே வான்படத்தின் மேல் வைக்கும்போது, எல்லையோரமாக இரண்டு தாளுமே தன்னுடையது என்று சொல்லும் பட்டையும், இரண்டுமே சொல்லாத பட்டையும் விழக்கூடும். அவற்றில் எது அளவைப் பிழை, எது உண்மையில் எவரும் கணக்கில் எடுக்காத ஓடை என்று பிரிக்க, இரு பக்கத்து எல்லைக்கற்களையும் ஒரே கட்டளையில் இணைப்புள்ளிகளாகக் கொடுத்தாக வேண்டும். அந்தக் கற்களைப் பற்றி அடுத்த வாரம்.