கணினி திறக்காத காலையில்...

தமிழகத்தின் எளிய குடும்பங்களுக்குள் மடிக்கணினி பெருமளவில் நுழைந்தது, 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாகத்தான். திண்டுக்கல் நகரிலும், வேடசந்தூர், நிலக்கோட்டை போன்ற சுற்றுப்பகுதிகளிலும் அண்ணன் படித்து முடித்த கணினியில் தங்கை படிப்பது புதிதல்ல. ஆய்வேடு, கடைக்கணக்கு, திருமணப் படங்கள் என ஒரு வீட்டின் நினைவு முழுவதும் அதற்குள் குவிந்திருக்கும்.

ஒரு நாள் காலை அது திறக்காது. 'பூட்டபிள் டிவைஸ் இல்லை' என்ற பொருளில் ஒரே ஒரு வரி கருந்திரையில் நிற்கும். பழுதுநீக்கும் கடைக்கு எடுத்துச் சென்றால், பல இடங்களில் கிடைக்கும் முதல் தீர்வு 'ஃபார்மட்'. கணினி பிழைத்துவிடும், உள்ளே இருந்தவை போய்விடும். திறக்காத பூட்டுக்காகப் பெட்டியையே எரிப்பதற்கு ஒப்பானது இது. பூட்டுக்குப் பெயர்பெற்ற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பழைய மடிக்கணினிகளில் இருப்பது சுழலும் வன்தட்டு. பெரும்பாலானவை நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்பவை. தரவுகள் 'செக்டார்' எனப்படும் சிறு பகுதிகளில் எழுதப்படுகின்றன. கணினியைத் தொடக்கும் கட்டளைகளும் அத்தகைய பகுதிகளில்தான் உள்ளன. அவை படிக்க முடியாமல் போனால், மற்றவை அனைத்தும் நலமாக இருந்தாலும் கணினி திறக்காது. ஆக, திறக்கவில்லை என்பதற்கு எல்லாம் அழிந்துவிட்டது என்று பொருளல்ல.

நம் ஊர்களில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சில ஆண்டுகளில் மின்கலம் செயலிழந்துவிட, மடிக்கணினி மின்இணைப்பை மட்டுமே நம்பி ஓடுகிறது. மின்தடை ஏற்பட்டால், எழுதிக்கொண்டிருக்கும்போதே அறுந்துபோகிறது. கோப்புகளின் அட்டவணை சிதைவது பெரும்பாலும் அந்த நொடியில்தான். புதிய மின்கலத்தின் விலையை வீண்செலவு என்று எண்ணுவோர் இதை நினைவில் கொள்வது நல்லது.

அட்டவணை மட்டும் சிதைந்திருந்தால் விண்டோஸின் 'செக் டிஸ்க்' அதைச் சீர்செய்யக்கூடும். ஆனால் தட்டே தேய்ந்து, 'டிக், டிக்' என்ற ஒலி எழுந்தால் அதை இயக்கக் கூடாது. மணிக்கணக்கில் தட்டு முழுவதையும் படிக்க வைக்கும் அந்தப் பணி, இறுதி மூச்சிலிருக்கும் தட்டை முடித்துவிடலாம். மீண்டும் மீண்டும் அணைத்து இயக்கிப் பார்ப்பதும் அத்தகையதே. ஒலி கேட்டால் உடனே அணைத்துவிட்டு, தரவு மீட்பு வல்லுநரிடம் கொடுப்பதே வழி.

ஒலி இல்லையெனில், வேறொரு கணினியில் லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே மடிக்கணினியைத் தொடக்கலாம். சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸே போதும். தொடக்ககால அரசு மடிக்கணினிகளில் விண்டோஸுடன் அதுவும் நிறுவப்பட்டிருந்தது. நாம் பொருட்படுத்தாமல் விட்டோம் என்பது வேறு கதை. நிறுவும் வாய்ப்பைத் தொடாமல், நேரடியாக இயக்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வன்தட்டு தெரிந்தால், முதலில் இன்றியமையாத கோப்புகளை வெளித்தட்டுக்கு நகலெடுக்க வேண்டும்; படங்களும் பாடல்களும் பிறகு. இடையிடையே படிக்க முடியாத பகுதிகள் இருந்தால், 'டிடிரெஸ்க்யூ' என்னும் இலவச மென்பொருள் அவற்றைத் தாண்டிச் சென்று, படிக்க முடிந்தவற்றை முதலில் காப்பாற்றும்.

புதிய கணினிகளில் ஒரு சிக்கல் உண்டு. விண்டோஸ் பலவற்றில் தட்டைத் தானாகவே மறையாக்கம் செய்துவிடுகிறது; 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் எந்த லினக்ஸாலும் அதைத் திறக்க முடியாது. அச்சாவி பெரும்பாலும் உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணினி நலமாக இருக்கும்போதே அதை எடுத்துத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இவற்றிலுள்ள எஸ்எஸ்டி தட்டுகளுக்கு ஒலியே கிடையாது. எச்சரிக்கையின்றி நின்றுவிடுவதும் உண்டு.

நகலெடுத்த கோப்புகளை வேறொரு கணினியில் திறந்து பார்த்த பின்னரே கடைக்குச் செல்லுங்கள். அப்போது ஃபார்மட் செய்யட்டும், தட்டையே மாற்றட்டும். அதற்கு முன் கொடுக்க நேர்ந்தால், 'தரவை எடுக்காமல் எதையும் அழிக்க வேண்டாம்' என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.